இருபது வளைவுகளும் ஓர் எலுமிச்சம்பழமும்

சேலத்தில் பிறந்து வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்து, ஏற்காட்டுக்கு ஒரு தடவைகூடப் போகாமலே வாழ்ந்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறது. பேருந்துக்கும் குறைவில்லை, முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான் பயணம். இருந்தும் "எனக்கு மலைப்பாதை ஒத்துக்காதுங்க, வாந்தி வரும்" என்று ஒரு வரி சொன்னால் பேச்சு முடிந்தது. அப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். சிலர் மட்டும் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு மலைப்பாதை மட்டுமா ஒத்துக்கொள்ளவில்லை? கல்யாண மண்டபத்தில் நடுவரிசை நாற்காலி, ரேஷன் கடை வரிசை, சிக்னலில் நிற்கும் டவுன் பஸ், முடிவெட்டும் கடையில் துணி போர்த்தி உட்காரவைக்கும் அந்தப் பத்து நிமிடம், எதுவுமே ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது வீடுதான்.

மருத்துவம் இதை அகோராபோபியா என்கிறது. வெட்டவெளியைக் கண்டு பயப்படுவது என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். வெட்டவெளிக்கு இதில் ஐந்தில் ஒரு பங்குதான் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட நோயறிதல் கையேடு ஐந்து சூழல்களைச் சொல்கிறது. அவற்றில் இரண்டிலாவது ஆறு மாதம் போல விடாமல் அச்சம் இருந்தால்தான் இந்தப் பெயர். ஐந்தையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் ஏற்காட்டைவிட வசதியான ஊர் கிடையாது. ஏறிப் போகும் பேருந்து ஒன்று. சேர்வராயன் கோயிலைச் சுற்றித் தட்டையாகப் பரந்து கிடக்கும் மலையுச்சி இரண்டாவது. அந்தக் கோயிலே ஒரு குகை, தலைகுனிந்துதான் உள்ளே போக வேண்டும். அடைபட்ட இடம் மூன்றாவது. மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சிக் கூட்டம் நான்காவது. ஐந்தாவதற்கு இடமே தேவையில்லை. வீட்டை விட்டுத் தனியாக வெளியே இருப்பது, அவ்வளவுதான்.

பரந்த வெளியும் குறுகிய குகையும் ஒரே ஆளை எப்படி ஒரே மாதிரி கலங்கடிக்க முடியும்? இரண்டிலும் அவர் மனதில் ஓடுவது ஒரே கணக்கு. இங்கே எனக்கு ஏதாவது ஆனால் உடனே வெளியேற முடியுமா, உதவிக்கு ஆள் வருமா? குகையில் வழி குறுகல். உச்சியில் வழி நாலா பக்கமும் உண்டு, ஆனால் ஆஸ்பத்திரி எங்கோ கீழே. ஆக, அவருடைய பயம் இடத்தின் மேல் இல்லை. அந்த இடத்தில் தன் உடம்பு தன்னைக் கைவிட்டுவிடும் என்பதுதான் பயம். இந்த நோயில் மற்ற எல்லாமே இதிலிருந்து கிளைப்பவை.

அடிவாரத்துச் சோதனைச் சாவடி தாண்டியதும் நடப்பதைப் பார்ப்போம். சேலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இடையே எண் போட்ட 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகிறது. காது அடைத்துத் திறக்கிறது. மூச்சு சற்றே ஆழமாகிறது, நாடி சற்றே கூடுகிறது. வண்டி வளையும்போது உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் 'சுழல்கிறோம்' என்று மூளைக்குச் சொல்கிறது. முன் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'அசையவே இல்லை' என்கிறது. இந்த முரண்பாட்டில் பிறப்பவைதான் குமட்டல், வியர்வை, கிறுகிறுப்பு எல்லாம்.

பீதித் தாக்குதலின் அடையாளங்கள் என்று மருத்துவர் எழுதும் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: படபடப்பு, வியர்வை, மூச்சுமுட்டல், குமட்டல், தலைசுற்றல். பாதிக்கு மேல் இந்தப் பாதையே சும்மா கொடுக்கிறது. பேருந்தில் பத்துப் பேருக்கு அது தலைசுற்றல். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். பதினோராவது ஆளுக்கு மட்டும் அது 'ஹார்ட் அட்டாக்' அல்லது 'மயங்கி விழப்போகிறேன்'. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் இதை ஒரு வட்டமாக விளக்கினார். உடலில் ஒரு சிறு மாற்றம் வருகிறது. அது பேராபத்து என்று மனம் படித்துக்கொள்கிறது. அந்தப் படிப்பே அட்ரினலினைச் சுரக்கவைக்கிறது, மாற்றம் பெரிதாகிறது, 'பார்த்தாயா, நான் சொன்னேனே' என்று மனம் இன்னும் அலறுகிறது.

வட்டத்தைச் சுழற்றிவிடுவதில் மூச்சுக்குப் பெரிய பங்கு. பயந்தவர் வேகமாக மூச்சு வாங்குகிறார். தேவைக்கு மேல் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை இன்னும் சுற்றும். இரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால் நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியம் அயனி குறைந்து விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். எதிரே இருப்பதெல்லாம் நிஜமில்லாதது போலத் தோன்றும். காற்று போதவில்லை என்று துடிக்கிற அந்த நேரத்தில் அவர் நுரையீரலுக்குள் போவது தேவைக்கு மிஞ்சிய காற்று! இன்னொன்றும் சொல்ல வேண்டும். மயங்கி விழுவதற்கு இரத்த அழுத்தம் சரிய வேண்டும், பீதியில் அது பொதுவாக ஏறுகிறது. அதனால் பீதித் தாக்குதலில் உண்மையாகவே மயங்கி விழுவது அரிது. இரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் விழுகிறவர்கள் வேறு வகை.

இந்த அலாரம் மூளையில் எங்கிருந்து அடிக்கிறது? பயத்தின் இருப்பிடம் அமிக்டலா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லும் காலம் இது. ஓர் அரிய நோயால் இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துபோன ஒரு பெண்ணை அமெரிக்காவில் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படுபவர். பாம்புக்கும் சிலந்திக்கும் பேய் வீட்டுக்கும் அஞ்சாதவர். 2013-ல் வெளியான ஆய்வில் அவரையும், அதே சேதம் உள்ள வேறு இருவரையும் 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு உள்ளிழுக்கச் சொன்னார்கள். மூவருக்குமே பீதி பிடித்தது. அமிக்டலா நன்றாக இருந்த 12 பேரில் மூவர்தான் அப்படி மிரண்டார்கள். வெளியே தெரியும் ஆபத்துக்கு ஒரு வாசல், உடம்புக்குள்ளிருந்து வரும் ஆபத்துக்கு வேறொரு வாசல் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். அகோராபோபியா உள்ளவரிடம் "பயப்பட என்ன இருக்கு? சிங்கமா புலியா?" என்று கேட்பதில் பயனில்லாமல் போவதற்கும் இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிங்கம் வரும் வாசலில் அவருக்குக் கோளாறே இல்லை.

இந்த நோயை முதலில் எழுதிவைத்தவர்களும் உடம்பா மனமா என்றுதான் சண்டை போட்டார்கள். வியன்னாவின் மோரிட்ஸ் பெனடிக்ட் 1870-ல் இதைக் கண்ணும் சமநிலையும் சம்பந்தப்பட்ட தலைசுற்றல் என்றார். அடுத்த ஆண்டே பெர்லினில் கார்ல் வெஸ்ட்பால் மூன்று நோயாளிகளை முன்வைத்து, தலைசுற்றல் இல்லை, அச்சம்தான் என்று மறுத்தார். மூவரும் ஆண்கள், புத்தி தெளிவானவர்கள், தங்கள் பயம் அர்த்தமற்றது என்று அறிந்தவர்கள். ஆனால் நகரத்தின் அகன்ற சதுக்கத்தைக் கடக்கச் சொன்னால் கால் வராது. கூட ஒருவர் வந்தாலோ, கையில் ஒரு தடியோ குடையோ இருந்தாலோ, முன்னே ஒரு வண்டி போனாலோ கடந்துவிடுவார்கள். கொஞ்சம் மது குடித்தாலும் முடியும்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் முனையில் நின்றால் பெனடிக்ட் சொன்னதிலும் ஓரளவு நியாயம் உண்டு என்று புரியும். நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடம்பு ஓரிரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் சுவர் இருந்தால் 2 சென்டிமீட்டர் ஆட்டத்துக்கு அது கண்ணில் ஒரு பாகைக்கு மேல் நகரும். மூளை அதைப் பிடித்துத் திருத்திவிடும். கீழே 10 கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் சேலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதே ஆட்டம் கண்ணின் பிரித்தறியும் திறனுக்கு நூறு மடங்குக்கும் கீழே போய்விடும். கண்ணிடமிருந்து செய்தியே வராது. அங்கே தள்ளாடுவது போல இருப்பது கோழைத்தனமில்லை, வடிவகணிதம். வெட்டவெளியிலும் இதே கதைதான். சமநிலைக்குக் கண்ணையே அதிகம் நம்பும் உடல்வாகு உள்ளவர்கள் உண்டு; அகோராபோபியா உள்ளவர்களில் ஒரு பகுதியினர் அந்த வகை என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. அந்தக் குடைக்கும் விளக்கம் கிடைத்தது. 1990-களில் நடந்த ஆய்வுகளில், உடம்பைத் தாங்கப் போதாத அளவுக்கு லேசாக விரல் நுனியால் ஒரு பொருளைத் தொட்டாலே ஆட்டம் கணிசமாகக் குறைந்தது. வெஸ்ட்பாலின் நோயாளிக்குத் தடி தைரியத்தையும் தந்தது, தகவலையும் தந்தது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கடந்து முடித்ததும் மனம் என்ன எழுதிக்கொள்கிறது? 'தடி இருந்ததால் பிழைத்தேன்.' நம் ஊரில் தடியின் இடத்தில் எலுமிச்சம்பழம் வரும், தண்ணீர் பாட்டில் வரும், கைப்பையில் ஒரு மாத்திரை, ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கை, விரல் எட்டும் தூரத்தில் மச்சானின் நம்பர். குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. அது இல்லாமல் ஏற முடியாது என்றாகும்போது அது வேறு வேலை பார்க்கிறது. வரவேயில்லாத மரணத்தைத் தடுத்த புகழ் ஒவ்வொரு தடவையும் பழத்துக்குப் போய்ச் சேர்கிறது, உடம்புக்கு வருவதில்லை.

பாதி வழியில் இறங்கிவிடுவது இதைவிட மோசமான வாத்தியார். பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாகவே இறங்கத் தொடங்கும். அடிவாரத்தில் "நிறுத்துங்கண்ணே, இறங்கிக்கறேன்" என்று குதித்து இறங்கியவருக்கு ஒரு நிம்மதி வருகிறதே, அதைவிட இனிப்பான பரிசு கிடையாது. பேருந்திலேயே இருந்திருந்தாலும் நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் தணிந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இறங்கியதுதான் காப்பாற்றியது என்ற பாடம் இன்னும் ஆழமாகப் பதிகிறது.

இதைப் புத்தகத்தில் படிக்காமல் தன் உடம்பில் படித்தவர் ஆஸ்திரேலியாவின் கிளேர் வீக்ஸ். 1903-ல் பிறந்தவர். முதலில் விலங்கியலாளர். குட்டி போடும் பல்லியினங்களின் நஞ்சுக்கொடியை ஆராய்ந்து, சிட்னி பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். இளவயதில் காசநோய் என்று தவறாகச் சொல்லப்பட்டுப் படுக்கையில் கிடந்தார். எழுந்த பிறகும் நெஞ்சு படபடப்பு விடவில்லை, இரண்டு ஆண்டு அலைக்கழித்தது. முதல் உலகப்போரில் இருந்த நண்பர் ஒருவர், பதுங்குகுழியில் எங்களுக்கும் இப்படித்தான் அடித்துக்கொள்ளும், அந்தப் படபடப்பைக் கண்டு நீ பயப்படுவதால்தான் அது நிற்கவில்லை என்றார். பிறகு மருத்துவம் படித்து, 1962-ல் பொதுமக்களுக்காக ஒரு நூல் எழுதினார் வீக்ஸ். தானாகப் பீறிடுவது முதல் பயம். 'ஐயோ வந்துவிட்டதே' என்று நாம் கூட்டிச் சேர்ப்பது இரண்டாம் பயம். முதலாவது நம் கையில் இல்லை, இரண்டாவது இருக்கிறது. எதிர்கொள், ஏற்றுக்கொள், அடித்துக்கொள்ளாமல் மித, காலம் கடக்கட்டும் என்பதே அவருடைய மருந்துச் சீட்டு. மனப்பகுப்பாய்வு கோலோச்சிய காலத்தில், ஒரு சாதாரண மருத்துவர் இப்படி நாலு வார்த்தையில் முடிப்பதைப் பெரிய இடங்களில் மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. அந்த நூல் மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் நியூயார்க்கின் ஹில்சைடு மருத்துவமனையில் டொனால்ட் கிளைன் இமிப்ரமின் என்ற மாத்திரையைப் பதற்ற நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில வாரம் கழித்துச் செவிலியர்கள்தான் ஒன்றைக் கவனித்தார்கள். சாகப்போகிறேன் என்று அடிக்கடி ஓடிவருகிறவர் இப்போது வருவதில்லை. தாக்குதல் நின்றுவிட்டது, ஆனால் வெளியே போகச் சொன்னால் அவர் இன்னும் போகவில்லை. வருமோ என்ற எதிர்பார்ப்பு அப்படியே இருந்தது. பீதி வேறு, பீதிக்குப் பயந்து உலகத்தைச் சுருக்கிக்கொள்வது வேறு என்று மருத்துவம் பிரித்துப் பார்க்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளைத் தருகிறார்கள். வேலை செய்யச் சில வாரமாகும், பலருக்கு நல்ல உதவி. உடனடியாக அடக்கும் அல்பிரசோலம் போன்றவை பழக்கமாகிவிடக்கூடியவை. அது மட்டுமில்லை, சட்டைப்பையில் எலுமிச்சம்பழத்தின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. அதில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய 1.6 சதவீதம் பேருக்கு அகோராபோபியா இருந்ததாகத் தெரிந்தது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? வீட்டில்தான். பெண்களுக்கு இது ஆண்களைப் போல் இரண்டு மடங்கு வருகிறது. ஒரு பெண் வெளியே போகாமல் இருப்பதை நோயாகப் பார்க்காத சமூகத்தில் அவளுக்கு 'வீட்டோட இருக்கிற பொண்ணு' என்று நற்சான்றிதழ்தான் கிடைக்கும். ஆணுக்கு அந்தச் சலுகை இல்லை. வெஸ்ட்பாலின் நோயாளிகள் போலக் குடித்துவிட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. குடும்பத்தின் அன்பும் சேர்ந்து கதவைச் சாத்துகிறது. "நீ இரும்மா, ரேஷனுக்கு நான் போயிக்கறேன்" என்று சொல்கிற மகனைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஈ.சி.ஜி. எடுத்து, எக்கோ எடுத்து, தைராய்டு பார்த்து, 'ஒன்றுமில்லை' என்று ஒவ்வொரு மருத்துவரும் சொன்ன பிறகு மந்திரித்துத் தாயத்தும் கட்டியாயிற்று. 'ஒன்றுமில்லை' என்பதுதான் இதில் ஆகக் கொடுமையான அறிக்கை. இருப்பது நெஞ்சில் இல்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

'நரம்புத் தளர்ச்சி, மலைப்பக்கம் போய் ஓய்வெடு' என்ற யோசனையையும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஏற்காடு போன்ற மலைவாசஸ்தலங்களை ஆங்கிலேயர்கள் வளர்த்ததே சமவெளி வெயிலில் இளைத்த உடம்பைத் தேற்றத்தான். அகோராபோபியாவுக்கு ஓய்வு மருந்தில்லை. மலையுச்சியின் குளிர்காற்றைவிட அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் பாதைதான் மருத்துவமனைச் சிகிச்சைக்கு நெருக்கமானது. டேவிட் பார்லோ, மிஷெல் கிராஸ்க் போன்ற உளவியலாளர்கள் 1980-களிலிருந்து வடிவமைத்த சிகிச்சையில், நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுழற்றுவார்கள். வேண்டுமென்றே ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்வார்கள். நின்ற இடத்தில் ஓடவைப்பார்கள். மெல்லிய குழாய் வழியாக மூச்சு வாங்கச் சொல்வார்கள். எந்தக் கிறுகிறுப்புக்கு இத்தனை வருடம் ஒளிந்தாரோ அதை அவரே வரவழைத்து, அது வந்து போவதைப் பார்க்க வேண்டும். நாற்காலி செய்கிற வேலையை இருபது கொண்டை ஊசி வளைவுகள் பேருந்துக் கட்டணத்துக்குச் செய்கின்றன. இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்த விளையாட்டு வேண்டாம்.

நேரே முதல் நாளே மலையேறச் சொல்வதில்லை. சேலத்துக்காரர் ஒருவருக்கான படிக்கட்டு இப்படி இருக்கலாம்: தெருமுனைக் கடை, அஸ்தம்பட்டி வரை டவுன் பஸ், கோரிமேடு, ஞாயிற்றுக்கிழமை குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, அடிவாரம் வரை போய்த் திரும்புவது, யாருடைய இருசக்கர வண்டியிலாவது ஐந்தாவது வளைவு வரை, பிறகு முழுப் பயணம். பயம் தணியும் வரை அங்கேயே நில் என்பது பழைய விதி. கிராஸ்க் இதைச் சற்றே மாற்றினார். கிளம்பும் முன் ஒரு தாளில் எழுத வேண்டும்: 'மூன்றாவது வளைவில் மயங்கி விழுவேன், நிச்சயம் 80 சதவீதம்.' திரும்பி வந்து, விழுந்தோமா என்று மட்டும் பார்த்தால் போதும். படபடத்ததா என்ற கேள்விக்கு மதிப்பெண் கிடையாது; படபடத்தும் விழவில்லை என்றால் பாடம் இன்னும் அழுத்தமாக இறங்கும். துணைக்கு வருகிறவர் முதலில் பக்கத்து இருக்கையில், அடுத்து பின்வரிசையில், அப்புறம் அடுத்த பேருந்தில் வருவார். பழத்தையும் ஒரு கட்டத்தில் விட்டுவிட வேண்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதற்கே வாசலைத் தாண்ட வேண்டுமே என்றால், ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. வாசலைத் தாண்ட முடியாதவருக்குத் தொலைபேசி வழியாகவே முதல் படிகளைத் தொடங்கிவைக்க முடியும்.

நன்றாக ஏறி இறங்கிப் பழகியவருக்கு ஒரு வருடம் கழித்து ஒரு மழைநாளில் திடீரென்று மறுபடி நெஞ்சடைக்கலாம். தோற்றுவிட்டோம் என்று அப்போது நினைத்துக்கொள்கிறார்கள். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பௌட்டன் எலிகளிடம் பல்லாண்டு செய்த சோதனைகள் இதற்கு விளக்கம் தருகின்றன. பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது. அந்தப் புதிய பாடம் கற்ற இடத்தோடும் சூழலோடும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கூண்டில் பயம் தெளிந்த எலியை வேறு கூண்டில் விட்டால் பழைய நடுக்கம் திரும்புகிறது. அதனால் தேர்ந்த சிகிச்சையாளர் ஒரே பேருந்தில், ஒரே நேரத்தில், ஒரே இருக்கையில் பழகவிட மாட்டார். பனிமூட்டத்தில் ஒரு நாள், கோடை விழா நெரிசலில் ஒரு நாள், இருட்டியபின் இறங்குவது ஒரு நாள். குப்பனூர் வழியாகவும் ஏற்காட்டுக்கு ஒரு மலைப்பாதை உண்டு. எண்ணிப் பழகிய இருபது வளைவுகள் அதில் கிடையாது, வண்டிப் போக்குவரத்தும் குறைவு. அதற்காகவே அந்தப் பாதையும் பட்டியலில் இருக்க வேண்டும்.